வாசற்படியில் உட்கார்ந்தவன்

நவம்பர் 4, திங்கள்

இந்த வளைகுடா ஊரின் நஜ்மா ஏரியாவில் இருக்கும் எங்கள் பிரிண்ட் கடையில் இன்று முழுக்க ஒரே படம். டெல்லியில் ஒரு மொகலாயர் கல்லறை மாளிகை, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய போட்டோ. புதிதாகத் திறக்கும் பிரியாணி ஹோட்டலின் சுவருக்கு எட்டடி அகலத்தில் பிரிண்ட் போட வேண்டும். வாசற்படியில் ஒருவன் சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். கட்டடத்தின் உயரம் தெரியட்டும் என்று அந்தக் காலத்துப் போட்டோக்காரர்கள் யாரையாவது இப்படி உட்கார வைப்பார்களாம். பெயர் எழுதி வைக்க மாட்டார்கள்.

முதலாளி விஜயபாஸ்கர் ஸ்கிரீனைப் பார்த்து முகம் சுளித்தார். "யாருய்யா இந்த அழுக்குப் பய? சாப்பிடுற எடத்துல இவனப் பாத்தா எவனுக்கு எறங்கும்? தூக்கிரு."

"சரி சார்" என்றேன். சீ.

நவம்பர் 5

தூக்கிவிட்டேன். நாற்பது நிமிஷ வேலை.

அந்தக் கேமராவில் பல நொடி அசையாமல் இருந்தால்தான் உருவம் விழும். நடந்து போனவர்கள் ஒருத்தரும் படத்தில் இல்லை. இவன் மட்டும் சொன்னபடி உட்கார்ந்து மிஞ்சியிருந்தான். பக்கத்துப் படிக்கல்லை எடுத்து ஒட்டி அவனை மூடினேன். அருவருப்பாக இருக்கிறது. முதலாளி மேலா, என் மேலா?

நவம்பர் 7

சுவரை அளக்க ஹோட்டலுக்குப் போனோம் — நான், முதலாளி, ஃபிரேம் மாட்டும் அழகுமலை. முன்வாசலில் மேனேஜர் என்னையும் அழகுமலையையும் மட்டும் நிறுத்தி, "கிச்சன் வாசல்" என்று கையைக் காட்டினான். முதலாளி மூக்கைப் பொத்திச் சிரித்தார்.

"விடுங்கண்ணே, குளிச்சிட்டா வந்தோம்?" என்றான் அழகுமலை.

எனக்கு விட முடியவில்லை. பத்து வருஷமாக இந்த ஆளுக்கா சார் போட்டேன்!

நவம்பர் 8, வெள்ளி

கடை லீவு. சாவி என்னிடம்தான். பழைய ஃபைலைத் திறந்து அவனோடேயே பிரிண்ட் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் விசா புதுப்பிக்க முதலாளி கையெழுத்து வேண்டும். கண்டுபிடித்தால் அவ்வளவுதான், ஊருக்கு டிக்கெட். என்னத்தடா பண்ணித் தொலச்ச?

நவம்பர் 10

மாட்டியாச்சு. முதலாளி இன்னும் பார்க்கவில்லை.

நவம்பர் 12

திறப்பு விழா. முதலாளி படத்துக்கு நேர் எதிரே போய் நின்றார். அவருடைய இடுப்பு உயரத்தில், படியில் உட்கார்ந்து அவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹோட்டல்காரரிடம் அவர் சொன்னார்: "இதுல ஒரு அழுக்குப் பய இருந்தான் சார். நாந்தான் எடுக்கச் சொன்னேன். இப்பப் பாருங்க, எவ்வளவு க்ளீனா இருக்கு!"

அவரும் பார்த்துத் தலையாட்டினார்.

இவனுங்களுக்கா பயந்து நாலு நாளா சோறு எறங்காம கெடந்தேன்? த்தூ.

நானும் அழகுமலையும் கிச்சன் வாசல் வழியாக வெளியே வந்தோம். படத்தில் இருப்பவன் ஹாலிலேயே உட்கார்ந்திருக்கிறான்.