மூன்றாம் அத்தியாயத்தின் சுத்தப் பிரதி

ஜூன் 2

என் அன்புள்ள மேலிடத்துக்கு,

நேற்று மாலை ஆறு மணிக்கு நம் வீட்டுக் கூடத்தில் நடந்த அவசரக் கூட்டத்தில் வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவு ஒன்று ஏகமனதாக நிறைவேறியது: மின்விசிறியை இனி இரண்டாம் எண்ணுக்கு மேல் வைப்பதில்லை. கூட்டத்துக்கு வந்திருந்தவன் நான் ஒருவன்தான். இருந்தாலும் விவாதம் சூடாகவே நடந்தது. மூன்றில் வைத்தால் அது லேசாக ஆடுகிறது. பதினோரு வருடமாக ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கும். நீ ஹெலிகாப்டர் ஓட்டப் படிக்கப் போன இந்த நான்கு மாதமாகத்தான் என் கண்ணில் படுகிறது.

இன்று வந்த அக்கா, முந்தானையால் விசிறிக்கொண்டே கேட்டாள்: "ஏன்டா, கரண்ட் பில்லுக்குப் பயமா?"

"இல்லக்கா. இறக்கைக்குப் பயம்."

"அவ நர்ஸாவே இருந்திருக்கலாம். நோயாளியைத் தூக்கிட்டு ஹெலிகாப்டர்ல போனோமா வந்தோமான்னு இல்லாம, ஓட்டறவன் சீட்டு மேலயே கண்ணு வெச்சா பாரு! நீ ஏன்டா சரின்னு சொன்னே?"

"அவ என்னைக் கேக்கலக்கா. சொன்னா."

அக்கா அதன் பிறகு பேசவில்லை. இது நம் குடும்பத்தில் அபூர்வம் என்பதால் தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.

நீ அனுப்பிய மூன்றாம் அத்தியாயக் குறிப்புகள் வந்தன. உன் கையெழுத்து நர்ஸ் வேலையில் டாக்டர்களோடு பழகியதால் கெட்டது என்பது என் நெடுநாள் கருத்து. பதினெட்டுப் பக்கத்தையும் கறுப்பு மையில் சுத்தப் பிரதி எடுத்து, உன் மூலத்தையும் சேர்த்து இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். களைப்பில் எழுதியிருப்பாய் போலிருக்கிறது. சில கைப்பிழைகள் இருந்தன. அவற்றுக்காக உன்னைத் தொந்தரவு செய்யாமல் நானே திருத்திவிட்டேன்.

அச்சகத்தில் எல்லாம் வழக்கம்போல். ஒரு வரலாற்றாசிரியரின் புரூஃபில் பக்கத்துக்கு ஐந்து கேள்விக்குறி போட்டேன். போர்மேன், "சார், நீங்க ஓரத்துல போடற கேள்விக்குறியை மட்டும் சேர்த்து ஒரு தனிப் புத்தகமே போடலாம்" என்றார். சந்தேகம் வந்தால் கேட்பதற்குத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்?

மாடிக்கு மேலே ஹெலிகாப்டர் போனால் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். உன்னுடையது இல்லை என்று தெரியும். இருந்தாலும் கண்ணை விட்டு மறையும்வரை நிற்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்,
பிழைதிருத்தி


ஜூன் 7

அன்புள்ள வீட்டுத் தலைவருக்கு,

மின்விசிறியை மூன்றில் வையுங்கள். அது விழாது. அக்காவுக்கு வியர்க்க வைத்த பாவம் நமக்கு வேண்டாம்.

சுத்தப் பிரதி வந்தது. வகுப்பே சுற்றி நின்று பார்த்தது. "இது பிரிண்ட் பண்ணதா?" என்று கேட்டார்கள். "என் வீட்டுக்காரர்" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. என் அறைத்தோழி கொக்கு (ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு, விமானத்தில் உட்காரும்போது அவள் முழங்காலுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்) அதை உடனே பிடுங்கிக்கொண்டாள். அவளுக்குக் கை வேலை நன்றாக வரும், படிப்பு வராது. எனக்கு எல்லாம் மனதில் இருக்கிறது, நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டேன். நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்ததை நான் எதற்கு இன்னொரு முறை பார்க்க வேண்டும்?

உங்கள் பயத்துக்கு மருந்தாகக் கொஞ்சம் பாடம் சொல்கிறேன். பஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையை லேசாகச் சாய்த்தால் கை தானாக மேலே எழும் இல்லையா? எங்கள் இறக்கையும் அவ்வளவுதான். இடது கைப் பக்கம் ஒரு லீவர் இருக்கிறது. அதை ஏற்றினால் எல்லா இறக்கையும் ஒன்றாகச் சாய்ந்து காற்றை அதிகமாகக் கடிக்கும். நாங்கள் மேலே போவோம். இறக்கினால் சாய்வு குறையும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் சாய்த்தால் இறக்கை தூக்காது, காற்றோடு மல்லுக்கட்டத்தான் செய்யும்.

முன்னே போகும்போது ஒரு பக்கத்து இறக்கை காற்றை எதிர்த்து வருகிறது, மறு பக்கத்து இறக்கை காற்றோடு போகிறது. ஒன்றுக்குப் பலம் அதிகம், ஒன்றுக்குக் குறைவு. இறுக்கிப் பூட்டியிருந்தால் ஒரு பக்கமாகக் கவிழ்ந்துவிடும். அதனால் கீல் வைத்திருக்கிறார்கள். பலமான பக்கம் மேலே எழுந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், மற்றது தாழ்ந்து சரிக்கட்டும். "குடும்பம் மாதிரி" என்றார் பயிற்சியாளர். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

நேற்று எனக்கு எஞ்சின் நிறுத்தும் பரீட்சை. உயரத்தில் போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் விசையைக் குறைத்துவிடுவார்கள். சத்தம் அடங்கும். உடம்பு முழுக்க "மேலே தூக்கு, மேலே தூக்கு" என்று கத்தும். அதைக் கேட்கக் கூடாது. அந்த நொடியே லீவரை அடிமட்டத்துக்கு இறக்கிவிட வேண்டும். அப்போதுதான் கீழிருந்து வரும் காற்றே இறக்கைகளைச் சுற்றிக்கொண்டிருக்கும், நாம் பத்திரமாக இறங்கலாம். தரையை நெருங்கிய பிறகுதான் ஏற்ற வேண்டும், ஒரே ஒரு முறை. முதலிலேயே ஏற்றினால் இறக்கை வேகம் செத்துப்போகும். செத்த வேகம் திரும்பி வராது. யோசிக்க இரண்டு நொடிகூடக் கிடையாது.

நான் தேறிவிட்டேன். பத்தாம் தேதி காலை கொக்குவின் முறை. உங்கள் பிரதியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறாள். மூன்றாவது வாரம் எனக்குத் தனியாகப் பறக்க நாள் குறித்திருக்கிறார்கள். அது முடிந்ததும் நான்கு நாள் லீவு, வீட்டுக்கு வருகிறேன்.

அன்புடன்,
பறக்கப் போனவள்


ஜூன் 10, பகல் பன்னிரண்டே கால்

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் பதினோரு மணிக்குக் கிடைத்தது. தபால்காரர் வாசலில் இருக்கும்போதே படித்தேன். "சார், உக்காருங்க சார்" என்றார். உட்கார்ந்தேன்.

சொல்லிவிடுகிறேன். உன் குறிப்பில் பதினான்காம் பக்கத்தில், "எஞ்சின் நின்றால் உடனே லீவரை இறக்கு" என்று எழுதியிருந்தாய். விழுகிற பொருளை இன்னும் இறக்குவார்களா, களைப்பில் மாற்றி எழுதிவிட்டாள் என்று நினைத்தேன். சுத்தப் பிரதியில் "ஏற்று" என்று எழுதினேன். நல்ல கறுப்பு மையில் எழுதினேன்.

கொக்குவை நிறுத்து. இந்தக் கடிதம் உன்னை எட்ட மூன்று நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும், இருந்தும் நிறுத்து என்று எழுதுகிறேன். தபாலாபீசுக்கு ஓடினேன். உன் பயிற்சி நிலையத்துக்கு மூன்று முறை டிரங்க் கால் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அலுவலகத்தில் வேலை நேரத்தில் ஆள் இல்லாமல் இருக்க என்ன காரணம் என்று கவுன்டரில் இருந்தவரிடம் கேட்டேன். "டீ குடிக்கப் போயிருப்பாங்க சார்" என்றார். அவர் சொன்னதை நம்ப முயன்றேன்.

தந்தி கொடுத்திருக்கிறேன். "லீவரை இறக்கு. ஏற்றாதே. என் தவறு." தந்தி எழுதிக்கொண்டவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏதாவது ரகசியக் குறியீடா சார்?" என்று கேட்டார்.

அந்தத் தாளை அனுப்பி எட்டு நாளாகிறது. எட்டு நாளும் நான் இங்கே மின்விசிறியைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

இதைத் தபாலாபீஸ் மேஜையிலேயே எழுதுகிறேன். நான்காம் முறை போடச் சொல்லியிருக்கிறேன். மணி அடிக்கிறது. எடுக்கவில்லை.

உன்


ஜூன் 13

உங்களுக்கு,

தந்தி பதினொன்றாம் தேதி மதியம் வந்தது. யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்த வாட்ச்மேன், என்னை முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் அதை நீட்டினார்.

யாரும் சாகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மூச்சு விடுங்கள்.

பத்தாம் தேதி காலை பத்தே முக்காலுக்குப் பயிற்சியாளர் விசையைக் குறைத்தார். கொக்கு ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அப்படியே லீவரை ஏற்றினாள். அவள் இதுவரை எந்தக் கேள்விக்கும் அவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதில்லை. எச்சரிக்கை மணி அலறியது. பயிற்சியாளர் தன் பக்கத்து லீவரைக் கீழே தள்ளினார். அவள் கை நீளம், பலமும் அதிகம். சரியானதைச் செய்கிறோம் என்று விடாமல் பிடித்திருந்தாள். பாதி உயரம் போன பிறகுதான் இறக்கைகளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மைதானத்தின் ஓரத்தில் மோதி இறங்கினார்கள். ஹெலிகாப்டரைக் கீழே தாங்கும் கால்கள் இரண்டும் அகன்று விரிந்துவிட்டன. பயிற்சியாளருக்கு நாக்கு கடிபட்டுத் தையல். கொக்குவுக்கு முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியிருக்கிறது. ஆறு வாரம் மல்லாந்து படுக்க வேண்டும். நீங்கள் போன் போட்ட நேரத்தில் அலுவலகத்தில் ஆள் இல்லைதான். எல்லோரும் மைதானத்தில் இருந்தோம்.

விசாரணையில் கொக்கு, "நோட்ஸ்ல அப்படித்தான் சார் இருந்துச்சு" என்று தாளை அனுப்பி வைத்தாள். தலைமைப் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டார்.

"இது யாரோட எழுத்து?"

"என் வீட்டுக்காரர் எழுதினது சார். குறிப்பு என்னோடது."

"அவர் பைலட்டா?"

"இல்ல சார். புரூஃப் ரீடர்."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "எழுத்து ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார்.

பிரித்துப் பார்க்காமல் கொடுத்தது என் குற்றம். அதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தனியாகப் பறக்கக் குறித்த நாளை ரத்து செய்துவிட்டார்கள். லீவும் இல்லை.

மூலத்தை எடுத்துப் பார்த்தேன். "இறக்கு" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். களைப்பில் எழுதுகிறவள் இரண்டு கோடு போடுவாளா? பெயர் தெரியாத வரலாற்றாசிரியருக்குப் பக்கத்துக்கு ஐந்து கேள்விக்குறி போடுகிறீர்கள். எனக்குப் பதினெட்டுப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. எனக்குத் தெரிந்திருக்கலாம் என்று ஏன் உங்களுக்குத் தோன்றவில்லை?

கொஞ்ச நாளைக்கு எழுத மாட்டேன். கோபம் என்று நினைக்க வேண்டாம். கொக்குவுக்கு ஊட்டிவிட வேண்டியிருக்கிறது, பழைய தொழில்.

நான்


ஜூன் 17

அன்புள்ள உனக்கு,

நீ கேட்டதற்கு நான்கு பதில் எழுதிப் பார்த்தேன். நான்கும் நன்றாக இருந்தன, அதனால் கிழித்துவிட்டேன்.

உண்மை இதுதான். கேள்விக்குறி போட்டால், எனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்துவிடும். பதினோரு வருடமாக இந்த வீட்டில் எழுத்து சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான்தான் கடைசி வார்த்தை. நீ எனக்குப் புரியாத ஒன்றைப் பதினெட்டுப் பக்கம் எழுதி அனுப்பினாய். எனக்குப் புரிந்த ஒரே இடத்தில் கை வைத்தேன். அந்த இடமும் எனக்குப் புரியவில்லை.

அந்த இரண்டு கோட்டையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் திருத்தினேன்.

கொக்குவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அக்காவிடம் எல்லாம் சொன்னேன். "நான் இத்தனை நாளா அவளைத்தான் குத்தம் சொல்லிட்டிருந்தேன்" என்றாள். மேலும் ஏதோ சொல்ல வந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு மின்விசிறியை மூன்றில் வைத்துவிட்டுப் போனாள்.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை. தபால்காரரிடம் தினமும் கேட்கிறேன். அதையும் நீ கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உன்


ஜூலை 22

வீட்டுத் தலைவருக்கு,

கொக்கு நேற்று எழுந்து நடந்தாள். இடுப்பில் பட்டை போட்டிருக்கிறார்கள். அதனால் இன்னும் உயரமாகத் தெரிகிறாள். உங்கள் கடிதத்தை எனக்குக் காட்ட மறுக்கிறாள். "உன் ஆளு லெட்டர் எழுதறாருடி, நீ பொழப்பைப் பாரு" என்கிறாள். ஜனவரியில் மறுபடி முதலிலிருந்து சேரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு மறுபடி நாள் குறித்தார்கள். போன திங்கட்கிழமை காலை நான் தனியாகப் பறந்தேன். பதினாறு நிமிடம். பக்கத்து இருக்கையில் ஆள் இல்லாததால் எடை குறைந்து, எதிர்பார்த்ததைவிடச் சட்டென்று எழுந்துவிட்டது. பயந்தேன். பிறகு சரியாகிவிட்டது.

இத்துடன் நான்காம் அத்தியாயம் இருக்கிறது, இருபத்திரண்டு பக்கம். என் கையெழுத்து கொக்குவுக்குப் புரியவில்லையாம். ஒவ்வொரு தாளிலும் இடது பக்கம் இரண்டு அங்குல ஓரத்தைக் கோடு போட்டுக் காலியாக விட்டிருக்கிறேன்.

நான்


ஜூலை 27

அன்புள்ள உனக்கு,

நான்காம் அத்தியாயம் நேற்று வந்தது. இன்று பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கேள்விக்குறிகள் நாற்பத்தொன்று. திருத்தம் இல்லை.

உன்