துப்பாக்கியைப் பாடிச் சொன்னவர்

அன்பு மகன் மார்லனுக்கு, மிச்சிகனிலிருந்து அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் அப்பாவும் நானும் சுகம், அலாஸ்காக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். கரடிக்குப் பயந்து கைத்துப்பாக்கி வாங்கியதாகப் போனில் சொன்னாயே, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை சலூனைப் பூட்டிவிட்டு நாங்கள் வரும்போது, பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தியது. கடையில் திருடன் புகுந்ததிலிருந்து அப்பா லைசென்ஸோடு இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பது உனக்குத் தெரியும். நிறுத்தியதும் நாமே அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். சொல்லுமுன் அவர்கள் கண்ணில் பட்டால், அதுவும் நம்மைப் போலக் கறுப்பு நிறத்து ஆளிடம் பட்டால், என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து வாயைத் திறந்தார். து, து என்று அங்கேயே நின்றுவிட்டது. உனக்கும் திக்குகிற அதே எழுத்து. அந்தப் பெண் போலீஸ், என்ன சொல்றீங்க, தெளிவா சொல்லுங்க என்று கையைத் தன் இடுப்புக்குக் கொண்டுபோனாள். அவர் திக்கும்போது பேச்சை நான் முடித்துவைப்பதில்லை என்று கல்யாணத்தன்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை மீறத்தான் வாயெடுத்தேன்.

அப்போது உன் அப்பா பாடினார், பாட்டில்தான் அவருக்குத் திக்காதே. நம் சபையில் பாடுகிற அதே அடிக்குரலில், ஈஸ்டர் பாட்டு மெட்டில், துப்பாக்கி இருக்கும்மா, வலது இடுப்பில் இருக்கும்மா, லைசென்ஸும் இருக்கும்மா, கை ரெண்டும் இங்கதான் இருக்கும்மா என்று பாடினார். அவள் கை அப்படியே நின்றது. சரிங்க ஐயா, அது அங்கயே இருக்கட்டும், கையை மட்டும் எடுக்காதீங்க என்றாள். பல்பை மாற்றச் சொல்லி அனுப்பும்போது, எந்த சர்ச்சுல பாடுறீங்க என்றும் கேட்டாள். வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டே வந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது முள்கரண்டியைத் தொடாமல் இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்தபடியே அவர் இருந்ததைப் பார்த்துத்தான் அழுதேன்.

என் செல்லமே, உன் ஊரிலும் இதே சட்டம்தானாம், விசாரித்துவிட்டேன். மற்றப் பையன்கள் சிரித்தார்கள் என்று பாட்டுக் குழுவை விட்டு வந்தவன் நீ. யார் சிரித்தாலும் சிரிக்கட்டும், நீ பாடு. குளிக்கும்போது பாடிப் பழகு, ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்குப் பாடிக் காட்டு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்.

உன் அம்மா,
எர்னஸ்டீன்

மகனே, கீழ் சுதியில் எடு. மேலே எடுத்தால் பயம் வெளியே தெரிந்துவிடும். - அப்பா