நாலாம் பக்கம்

பிப்ரவரி 5
முதல் தவணை கட்டியாயிற்று. போன வருட வரியைப் பத்து மாதமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த லட்சணம் இருக்கிறதே! வரி ஆபீஸ் மூன்றாம் கவுன்டர் கண்ணாடிக்காரி, தன் சொத்தை எனக்கு எழுதிவைப்பது போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "மாசாமாசம் அஞ்சாம் தேதி. ஒண்ணு தவறினாலும் மொத்தமும் ஒரே தடவையா கட்டணும். வேனை ஈடா காட்டியிருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும்." வேன் போனால் ரிப்பேருக்கு எடுக்கும் வாஷிங் மெஷினை முதுகிலா தூக்கிக்கொண்டு போவேன்?

பிப்ரவரி 19
தம்பி வந்தான். "எனக்கெல்லாம் சம்பளத்துலயே பிடிச்சிடுவாங்க அக்கா. நீதான் வந்ததெல்லாம் உன் காசுன்னு நினைச்சுட்ட." வயிறு முட்டச் சாப்பிட்டான். தட்டைக்கூட எடுத்து வைக்கவில்லை. வாய் மட்டும் வக்கணை.

மார்ச் 2
லாண்டரிக் கடை ஒன்றில் ஆறு மெஷினுக்கு டிரம் பேரிங் மாற்றினேன். கையில் பணம் வந்தது. மார்ச், ஏப்ரல் இரண்டு தவணையையும் சேர்த்து இன்றே கட்டிவிட்டேன். கண்ணாடிக்காரி லீவு, வேறு ஒருவர் வாங்கிக்கொண்டார். வந்து பார்க்கட்டும். முகத்தில் கரியைப் பூசியாயிற்று.

ஏப்ரல் 5
இன்று கவுன்டர் பக்கமே போக வேண்டாம். அப்பாடா.

ஏப்ரல் 11
கடிதம் வந்திருக்கிறது. ஏப்ரல் தவணை வரவில்லையாம்! தவணை ஏற்பாடு ரத்து. பதினாலு நாளில் மொத்தத்தையும் கட்டாவிட்டால் வேனை எடுத்துக்கொள்வார்களாம். முன்னாடியே கட்டினவளுக்கா இது? எவன்டா இந்தச் சட்டத்த எழுதினான்?

ஏப்ரல் 12
கவுன்டரில் போய்க் கத்தினேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே. கண்ணாடிக்காரி குரலை உயர்த்தவே இல்லை — அதுதான் இன்னும் எரிச்சல். "கூடுதலா கட்டினா கடைசித் தவணையில கழியும். அடுத்த மாசத்துக்கு வராது. ஒப்பந்தத்துல நாலாம் பக்கத்துல இருக்கு. படிச்சுட்டுதானே கையெழுத்து போட்டீங்க?"

படிக்கவில்லை. அவளிடம் சொல்வேனா? மெஷினோடு வரும் புத்தகத்தை ஒருத்தரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்று ஊரையே திட்டுகிறவள் நான். தவணை ஏற்பாட்டில் மறுபடி சேர்க்கச் சொல்லும் மனுவை நீட்டினாள். வாங்காமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 17
தம்பி மொத்தத்தையும் கட்டுகிறானாம். "வேனை மட்டும் என் பேருக்கு மாத்திடுக்கா, ஒரு பாதுகாப்புக்கு." யாருக்குடா பாதுகாப்பு? அவன் போன பிறகு அழுதேன்.

ஏப்ரல் 23
இரண்டு நாள்தான் இருக்கிறது. போனேன். மனுவில் 'காரணம்' என்ற இடத்தில் பொரிந்து தள்ளினேன், பின்பக்கம் வரை. கண்ணாடிக்காரி முழுக்கப் படித்தாள். வேறு தாள் கொடுத்தாள். "இத மேல அனுப்பினா வேன் போயிடும். நடந்ததை மட்டும் எழுதுங்க."

எழுதினேன். படிக்காமல் முன்கூட்டிக் கட்டிவிட்டேன், தவறு என்னுடையது. கையெழுத்தை அழுத்திப் போட்டேன். ஆத்திரத்தில்தான்.

மே 5
மனுவை ஏற்றுக்கொண்டார்கள், அபராதத்தோடு. இன்று தவணை கட்டினேன். ஒன்றே ஒன்று.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெயின்டர், நகமெல்லாம் நீலம். "ரெண்டு மாசத்துக்குச் சேர்த்துக் கட்டிட்டு நிம்மதியா இருக்கப் போறேன்மா" என்றார்.

"அண்ணே, நாலாம் பக்கத்தைப் படிச்சீங்களா இல்லையா?" கத்திவிட்டேன் போலிருக்கிறது. மறுபடியும் வரிசை முழுக்கத் திரும்பியது.

படிக்கவில்லையாம். பையிலிருந்து தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். நின்ற இடத்திலேயே படித்துக் காட்டினேன், இரண்டு தடவை. நிமிர்ந்தால் கண்ணாடிக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அவளை இன்னமும் பிடிக்காது. வெளியே வந்து வேனை எடுத்தேன். அடுத்த தெருவில் ஒரு மெஷின் தண்ணீரை வெளியே விடாமல் நிற்கிறதாம்.