பாதி மழித்த முகம்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீர்கள்.

பயப்படாமல் படியுங்கள், நான் சவரக்கத்தி பழகுகிறேன். பெயின்ட் அடிக்கும் வேலையில் முள்தாடி இருந்தால்கூட முகமூடி ஒட்டி உட்காராது. கடை ரேசரோ என் முகமெல்லாம் பருவாக்கிவிட்டது. "மழிச்சிட்டு வா, இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்றார் மேஸ்திரி. என் அறையில் இருக்கும் வெல்டர் அண்ணன் தன்னுடைய மடக்குக் கத்தியைக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி முன் நின்றேன். வலது கன்னத்தில் கத்தி வழுக்கிக்கொண்டு போனது. அந்தத் தெம்பில் இடது பக்கம் போனபோது தாடையில் ஒரு கீறல். சின்னதுதான் அம்மா. ஆனால் மேற்கொண்டு தொடவே தைரியம் வரவில்லை.

அண்ணன் பார்த்துச் சிரித்தார். "பாதி மாப்பிள்ளையாவா வேலைக்குப் போவ? உக்காரு. கத்தியைச் சாய்ச்சுப் பிடிக்கணும், அழுத்தக் கூடாது."

என் தாடையைத் தாங்கிப் பிடித்து மீதியை அவரே மழித்துவிட்டார். வீட்டை விட்டு வந்தபிறகு இன்னொருவர் கை என் முகத்தில் பட்டது அன்றுதான். கண் கலங்கியதற்குச் சோப்பின் மேல் பழியைப் போட்டேன். மறுநாள் மேஸ்திரி முகமூடியை இழுத்துப் பார்த்துவிட்டு, "சரி, உள்ள போ" என்றார்.

யாராவது இங்கே வந்தால் கீறலுக்குத் தேய்க்கப் படிகாரக் கல் கொடுத்துவிடுங்கள். இரண்டு பொட்டலமாகக் கட்டுங்கள். அண்ணனுக்கு ஊரிலிருந்து எதுவும் அனுப்ப ஆளில்லை. ஒன்றின் மேல் 'பெரிய மகனுக்கு' என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் சின்ன மகன்