சஹனில் வாப்பாவின் பக்கம்

கண்டி,
1934 பெப்ரவரி 19.

அன்பு மகன் முனாபுக்கு, உம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி றமீலா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், பம்பாயில் நீயும் சுகமாயிருக்க துஆக் கேட்கிறோம். உயிரோடு என்றதைப் படித்துப் பதறாதே, இன்றைக்கு வாப்பா கதிரையில் உட்கார்ந்திருக்கிறார், அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி.

பெருநாளுக்குப் பிறகு வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததையும் கை கால் மெல்லத் தெளிந்து வருவதையும் முன்பே எழுதியிருந்தோம். கையைப் பார்த்தோம், காலைப் பார்த்தோம், தொண்டையை ஒருவரும் பார்க்கவில்லை மகன். தண்ணீர் குடித்தால் இருமுவார், சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கரகரக்கும், குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று நான் மல்லித் தண்ணீர் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தேன். வாதம் வந்த பக்கத்துக் கன்னத்தில் சோறு ஒதுங்கிக் கிடக்கிறது என்று றமீலா சொன்னபோது, வாப்பாவின் வாயை நீ ஏன் எட்டிப் பார்க்கிறாய் என்று ஏசிவிட்டேன்.

போன வியாழக்கிழமை கம்பளையில் உன் மாமா சாஹுல் ஹமீதின் மகன் மக்கீனுக்குக் கலியாணம். வாப்பா வரத்தான் வேண்டும் என்று நின்றார், ரயிலில் கூட்டிப் போனோம். நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும், பெரிய தட்டில் சஹன் வைத்தார்கள். ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் மூத்தவர் பக்கம் நல்ல துண்டைத் தள்ளி வைக்காமல் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். ஒருவர் தள்ள மற்றவர் தள்ள, வாப்பா சபையில் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருந்திருக்கிறார். திரைக்குப் பின்னாலிருந்து றமீலா பார்த்தாள். முகம் நீலம் பாரித்துக் கண் பிதுங்கியதாம், ஆனால் சத்தமே இல்லையாம் மகன், ஒரு இருமல்கூட இல்லையாம். யாரோ சொன்ன பகிடிக்குச் சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்து உன் மாமா, மச்சானுக்கு இன்னொரு துண்டு என்று வேறு வைத்தாராம். இவள் திரையைத் தள்ளிக்கொண்டு ஆண்கள் நடுவே ஓடி, வாப்பா மூச்சு விடவில்லை என்று கத்தினாள். மாமா அவரை முன்னால் குனிய வைத்து முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தபிறகுதான் அந்தத் துண்டு சஹனிலேயே வந்து விழுந்தது. அதன்பின் அவர் இழுத்த மூச்சின் சத்தம் பெண்கள் பக்கம் வரைக்கும் கேட்டது, இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

கண்டிக்கு வந்ததும் டாக்டர் கந்தையாவிடம் காட்டினோம். ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, வாதம் விழுங்குற தசையையும் பிடிச்சிருக்கு, உந்தத் தண்ணிதான் இவருக்குக் கூடாது, சட்டென்று ஓடி மூச்சுக் குழாய்க்குள்ளை விழுந்திடும், எல்லாத்தையும் கெட்டியாக் குடுங்கோ என்றார். தண்ணீரைவிட இலகுவாக இறங்குவது உலகத்தில் என்ன இருக்கிறது என்று திகைத்துப் போனேன். றமீலா தன் சுகாதாரப் புத்தகத்துப் படத்தைக் காட்டினாள், சோறு போகும் வழியும் மூச்சுப் போகும் வழியும் அவ்வளவு கிட்டக் கிட்ட இருக்கின்றன. இப்போது குடிக்கிறதைக்கூட அரிசிமாவில் கூழாகக் காய்ச்சிக் கொடுக்கிறோம். நிமிர்ந்து உட்கார்ந்து, நாடியைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, சின்னக் கரண்டியால், ஒரு வாய் இறங்கிய பிறகே மறுவாய். அந்த நேரம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. முடிந்ததும் கன்னத்துக்குள் துடைத்து, உடனே படுக்க விடாமல் வைத்திருக்கிறோம்.

ஆனால் தனிக் கோப்பையில் மசித்த சோற்றைக் கண்டதும் வாப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். என்னைக் குழந்தையாக்கிவிட்டீர்களா என்று கேட்டு வாயை மூடியவர்தான், பட்டினி. இரண்டு நாளில் கன்னம் ஒட்டிவிட்டது. மூச்சை மீட்டுக் கொண்டுவந்து பசிக்குக் கொடுக்கப் போகிறோமோ என்று பயந்து செத்தேன். நேற்றுப் பகல் மேசையின் நடுவே சஹனையே வைத்தேன், குழைத்த சோறும் பருப்பும் மசித்த பூசணியும், எல்லோருக்கும் அதேதான். ஆளுக்கொரு கரண்டி, அவர் பக்கம் ஒருவரும் எதையும் தள்ளவில்லை. சஹனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், நாக்குத் தடித்த குரலில், வீட்டில் எல்லோருக்குமா பல் விழுந்துவிட்டது என்றார். பிறகு கரண்டியை எடுத்துத் தன் பக்கத்தைத் தானே சாப்பிட்டு முடித்தார். இருமவில்லை. றமீலாதான் தேம்பிக்கொண்டு எழுந்து போனாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ வரும்போது குர்பான் இறைச்சி வரும். அவரைக் கண்ட சந்தோஷத்தில் நல்ல துண்டை அவர் பக்கம் தள்ளிவிடாதே மகன், மறந்தும் செய்யாதே. கப்பலில் குளிர்காற்றில் நிற்காதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் ஆயுளையும் உண்டு வாழும் ரிஸ்கையும் பெருக்கி உன்னை என் கண்ணில் காட்டட்டும்.

உன் வரவை நினைத்திருக்கும்
உம்மா ஆஸியா.

வாப்பா பக்கத்திலிருந்து எழுதச் சொல்கிறார்: பெருநாளன்று நல்ல துண்டை அவர்தான் உன் பக்கம் தள்ளுவாராம், நீ மறுக்கக்கூடாதாம்.