செம்பியனுக்கு முடி இறக்கிய இடம்

செம்மண்டலம்,
கடலூர்.
28.10.2009

அன்புள்ள மகன் சேரனுக்கு, அம்மா ராஜாமணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் பெண்டாட்டி மாலதியும் இருக்கிறோம், உன் பிள்ளை செம்பியன் உயிரோடு இருக்கிறான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளைக்கு முடி எடுத்தாகிவிட்டது என்று சொன்னதுமே போனைக் கட் பண்ணினாய், அப்புறம் எடுக்கவே இல்லை, அதனால்தான் குவைத்துக்கு ஏறுகிற காத்தவராயன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படி.

தலை ஆபரேஷன் முடிந்துவிட்டது. நீ வேண்டாம் என்றாய், நான் செய்யச் சொன்னேன், மாலதியை ஒன்றும் கேட்காதே. நாலாம் மாதமே உச்சிக்குழி மூடிக்கொண்டபோது, குளிப்பாட்ட வந்த சவரியம்மாள் கெட்டிக்காரப் பிள்ளை, சீக்கிரமே உச்சி கெட்டிப்பட்டுவிட்டது என்றாள், நீயும் அங்கே ரூமில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாய். அப்புறம் தலை முன்னும் பின்னும் நீண்டு தோணி மாதிரி ஆனதும், சிதம்பரத்தில் உன் மாமியார் பிள்ளைக்குத் தலை உருட்டிப் பிடிக்காமல் கெடுத்துவிட்டாள் என்று மாலதியை ஏசினாய். அது ஒன்றும் இல்லையாம். உச்சி நடுவில் சேரும் எலும்பு காலத்துக்கு முன்னாலேயே ஒட்டிவிட்டதாம், மூளை வளர இடமில்லாமல் கிடைத்த பக்கம் தள்ளுகிறதாம், எந்தக் கையும் அதைக் கெடுக்கவில்லை, எந்தக் கை பிடித்தும் நேராகாது என்று சென்னை டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். ஒரு வயசு முடிவதற்குள் செய்துவிடணும் என்று சித்திரையிலேயே சொன்னார். நீதான் முதல் முடி குலதெய்வம் அய்யனாருக்கு, தையில் நான் லீவில் வரும்வரை பிள்ளை தலையில் கத்தி படக்கூடாது என்றாய். நாங்களும் உன் பேச்சுக்குக் காத்திருந்தோம்.

புரட்டாசி பிறந்ததும் பிள்ளை ஓயாமல் வாந்தி எடுத்தான், இடது கண் ஒரு பக்கமாக ஓட ஆரம்பித்தது. கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து உள்ளே அழுத்தம் ஏறிவிட்டது என்றார். இனி யாரைக் கேட்பது. கோயில்தான் இல்லை, தாய்மாமன் மடியாவது இருக்கட்டும் என்று நானே பஸ் ஏறி, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிற உன் மச்சான் பழனிவேலிடம் போனேன். உன் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்த உன் அப்பாவை, பஸ்ஸில் வந்தவர்கள் முதலில் சாப்பிடட்டும் என்று எழுப்பிவிட்டவன். இலையில் வடை வைத்தாகிவிட்டது, தொடாமல் எழுந்தார். சாகும்வரை அந்த வீட்டில் அவர் கை நனைக்கவில்லை, நானும் அவனோடு பேசினதில்லை. அன்றைக்குக் கடை வாசலில் நின்று, "ஒம் மருமவனுக்கு முடி எறக்கணும், மடி குடு" என்றேன். அவன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டுக் கடையைச் சாத்தினான்.

ஆஸ்பத்திரியில் அவன் மடியில் வைத்துத்தான் முடி இறக்கினார்கள். அதை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன், குறையென்றால் அய்யனார் என்னைக் கேட்கட்டும். காதிலிருந்து காதுவரை தோலைத் திறந்து, எலும்பை எடுத்து வெட்டித் திரும்பப் பொருத்தினார்களாம். காலையில் கொண்டுபோனவனை விளக்கு வைக்கிற நேரத்தில்தான் காட்டினார்கள். ரத்தம் நிறையப் போய் ஏற்றியிருந்தார்கள். முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடிக் கிடந்தான், மாலதி அவன் கால் விரலைப் பார்த்துத்தான் நம் பிள்ளை என்று தெரிந்துகொண்டாள். இப்போது வீட்டுக்கு வந்தாகிவிட்டது, தீபாவளிக்குப் பலகாரச் சட்டி வைக்கவில்லை. வீக்கம் வடிந்துவிட்டது, தலை உருண்டு வருகிறது, பால் குடிக்கிறான். வலது கண்ணால் பார்க்கிறான். இடது கண்ணுக்கு நேரே கையை ஆட்டினால் இமை அசைவதில்லை. சித்திரையிலேயே செய்திருந்தால் என்று கேட்டேன். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொட்டு மருந்து எழுதினார்.

பழனிவேலை நான் மன்னிக்கவில்லை, அந்த இலை எனக்கு மறக்காது. அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்ததையும் மறக்கமாட்டேன். நீ கத்தி படக்கூடாது என்று சொன்னதும் அப்படித்தான், என் நெஞ்சில் இருக்கும். பெற்றவள் என்பதால் அது அழிந்துவிடாது.

காத்தவராயனைப் பார்த்த அன்றைக்கே மாலதிக்குப் போன் போடு, எனக்கு வேண்டாம், அவளுக்குப் போடு. அய்யனார் துணையிருந்து நீ நோய்நொடியில்லாமல் நன்றாக இரு. தையில் வந்து பிள்ளையைக் கூப்பிடும்போது வலது பக்கமாக வந்து நில். இடது பக்கம் நின்றால் அப்பா வந்திருப்பது அவனுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் அம்மா,
ச. ராஜாமணி