சாருடைய காலைப் போன்

ஜூன் 3, திங்கள்

இன்று வகுப்புக்கு ஏழு பேர். போன வருடம் இதே நேரம் நடையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். வண்ணார்பேட்டையில் ஏ.சி. போட்டு ஒரு சென்டர் திறந்திருக்கிறார்கள், பிள்ளைகள் அங்கே போகிறார்கள். வளைகுடா ஆஸ்பத்திரி நேர்காணலில் ஒரு நர்ஸ் எப்படிப் பேச வேண்டும் என்று, ஆயுசில் பாதியை வார்டில் கழித்த எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? காலி நாற்காலிக்கா பாடம் எடுக்க?

ஜூன் 8, சனி

பெங்களூரிலிருந்து எபி வந்திருக்கிறான். நாள் முழுவதும் என்னைக் கவனித்துவிட்டு, சாப்பிடும்போது ஆரம்பித்தான்.

"அம்மா, நீங்க ஒரே நேரத்துல பத்து வேலை செய்யுதிய. வீடியோ போடுதிய, போஸ்டர் ஒட்டுதிய, சர்ச்சுல இலவச வகுப்பு வேற. இதுல எதுனால பிள்ளையள் தேறுது? அதை மட்டும் செய்யுங்க."

சுருக்கென்றது. மகன் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று இல்லை. சரியாகச் சொல்கிறானே என்று.

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனையில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. தேறினவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் என் எதிரில் தனியாக உட்கார்ந்து, நான் கேட்கக் கேட்க வாய்விட்டுப் பதில் சொன்னவர்கள். மனதுக்குள் படித்தவள் எவளும் தேறவில்லை. நாக்கு பழக வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

வீடியோ, போஸ்டர், இலவச வகுப்பு — எல்லாம் நிறுத்தம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதக் கை வரவில்லை.

ஜூன் 11

எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரருடைய காலைப் போன்.

பக்கவாதம் வந்து வலது கை விழுந்து, பேச்சு குழறி, பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை விட்டு வீட்டில் இருக்கிற மனிதர். எந்தப் பிள்ளைக்கு நேர்காணலோ, அன்று விடிகாலையில் அவளுக்குப் போன் போட்டு ஜெபம் செய்வார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். பிள்ளைகளும் பொறுமையாகக் கேட்பார்கள். "சார் துஆ செய்யாம நான் போமாட்டேன்க்கா" என்பாள் ஏரல் ஃபஹ்மிதா.

ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் நான் அவளைக் கடைசியாக ஒருமுறை பேசவைத்துப் பார்க்கலாமே. ஜெபம் வேண்டாம் என்றா சொல்கிறேன்? அதை ராத்திரியே செய்துகொள்ளட்டும்.

ஜூன் 12

சொல்லிவிட்டேன். "இனிமே காலையில பிள்ளையள்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க பைய எந்திரிங்க."

"ச...ரி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஜூலை 19

இந்த மாதம் போன எல்லோரும் தேறினார்கள். ஃபஹ்மிதாவும். அன்று காலை, "சார் இல்லையாக்கா?" என்றாள். "மொதல்ல நீ உன்னைப் பத்திச் சொல்லு" என்றேன். தடங்கல் இல்லாமல் சொன்னாள்.

எபிக்குப் போனில் சொன்னேன். "பாத்தியளா!" என்று சிரித்தான்.

ஆகஸ்ட் 2

உட்கார இடமில்லை. மறுபடி ஸ்டூல்.

ஆகஸ்ட் 20

சாப்பிடும்போது இவர் தம்ளரைக் கையால் காட்டினார். தண்ணீர் என்று சொல்லவில்லை. ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடப் போய்விட்டேன். இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது — நேற்று ஏதாவது பேசினாரா? முந்தாநாள்?

செப்டம்பர் 6

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். இவர் பெயரைக் கேட்டார்கள். "பாக்..." அதற்கு மேல் வரவில்லை. பாக்கியசீலன் என்று நான்தான் சொன்னேன்.

"முன்னாடி நல்லா தேறி வந்தாங்களே. காலையில பிள்ளையளுக்கு ஜெபம் பண்ணுதேன்னு அவங்களே சொன்னாங்களே. அதை ஏன் விட்டாங்க?"

இவர் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நாக்கு பழகணும், நாக்கு பழகணும்னு ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. என் வீட்டுல ஒரு நாக்கு இருந்துச்சே. அந்தக் கால் மணி நேரம் யாருக்குன்னு நினைச்சேன்? பாவி.

செப்டம்பர் 7

பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் இவரை உட்காரவைத்தேன். "ஒங்க பேரு சொல்லுங்க." நிமிர்ந்து பார்த்தார். பிள்ளைகளிடம் வைக்கிற முகத்தையே வைத்திருந்தேன் போல. எழுந்து உள்ளே போய்விட்டார்.

செப்டம்பர் 15

தினமும் கூப்பிடுகிறேன். தலையை ஆட்டுகிறார். கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை.

அக்டோபர் 14

இன்று ஹம்னாவுக்கு நேர்காணல். ஆகஸ்டில் சேர்ந்த பிள்ளை. விடிகாலையில் அவளுக்குப் போன் போட்டு, மணி அடிக்கும்போதே இவருடைய இடது கையில் கொடுத்தேன். ஆச்சரியம், வாங்கிக்கொண்டார். எழுந்து நேராக உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

"க... க..."

கர்த்தாவே என்றுதான் ஆரம்பிப்பார். எனக்குத் தெரியும். கழுத்து நரம்பு புடைத்தது. நான் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். மறுபடியும், "க..."

"ஹலோ? ஹலோ? யாரு இது?" ஹம்னாவின் குரல் எனக்கே கேட்டது. பிறகு பக்கத்தில் அவள் அம்மாவிடம், "அக்கா நம்பர்லேர்ந்து யாரோ பேசுதாங்க, எனக்குப் பயமா இருக்கும்மா..."

இவர் போனை என் மடியில் வைத்தார். போடவில்லை, வைத்தார்.

நான் எடுத்தேன். "நான்தாம்மா. லைன் சரியில்ல. ஒன்னைப் பத்திச் சொல்லு பாப்போம்."

நன்றாகப் பேசினாள். இவர் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 23

ஹம்னா தேறிவிட்டாள்.